கறுப்பு அப்படியே இருக்கட்டும்

மன்னார்குடி,
ஐப்பசி, அடைமழை.

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். முதலில் ஒரு வேலை செய். நீ வாங்கியிருப்பதாகச் சொன்ன அந்தச் சுழலும் பாலிஷ் மெஷினைப் பெட்டியைப் பிரிக்காமல் கடைக்கே திருப்பி அனுப்பிவிடு. பிரித்தாகிவிட்டது என்றால் எடுத்து அலமாரி மேலே போடு. தாத்தா கத்திக்குப் பக்கத்தில் மட்டும் அதைக் கொண்டுபோகாதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் 'சரி சித்தப்பா, சரி சித்தப்பா' என்பாய், வைத்தபிறகு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். சின்ன வயதில் கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்க்காதே என்றபோதும் 'சரி சித்தப்பா'தான். அதனால் எழுதுகிறேன். வேலை செய்யும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்.

படங்களைச் சித்தியும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பழைய வீட்டைக் காலி செய்தபோது எல்லோரும் பித்தளைக் குடத்தையும் ஊஞ்சல் பலகையையும் கேட்டார்கள். தாத்தா சவரச் சாமான் வைத்திருந்த அடைப்பத்தை நீ ஒருத்திதான் கேட்டாய். அதை எடுத்துத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் நீ வைத்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று சித்திக்குத் தெரியும். அவள்தான் 'விமானத்தில் கைப்பையில் வைத்துவிடாதே பாப்பா, பிடுங்கிக்கொள்வார்கள்' என்று பேச்சை மாற்றினாள்.

இப்போது கத்திக்கு வருகிறேன். 'சித்தப்பா, முழுக்கக் கறுத்துப் போயிருக்கிறது, அங்கங்கே சிவப்பாகவும் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துப் புதுசாக்கிவிடட்டுமா' என்று கேட்டிருக்கிறாய். அந்த இரண்டு நிறமும் ஒன்றில்லை, கண்ணு. சிவப்பு துரு. அது உயிரோடு இருக்கிறது. உப்பிப் பொடியாகி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கறையான் மாதிரி உள்ளே தின்றுகொண்டே போகும். அதை எடுத்தே ஆகவேண்டும். கறுப்பு அப்படியில்லை. இந்தக் கத்தி ஸ்டெயின்லெஸ் கிடையாது, கார்பன் அதிகமுள்ள எஃகு. காற்றும் தண்ணீரும் சோப்பு நுரையும் கை எண்ணெயும் பட்டுப் பட்டு, துடைத்துத் துடைத்து, பல வருஷத்தில் அதன் மேல் கெட்டியாகப் படிந்த தோல் அந்தக் கறுப்பு. அடியில் இருக்கும் எஃகை ஓரளவு காப்பாற்றிக்கொண்டிருப்பதும் அதுதான். கொஞ்சம் நீலம், கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் ஈயச் சாம்பல் என்று கலந்து தெரிகிறதே, அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒருமுறை எடுத்துவிட்டால் நம் ஆயுசில் திரும்ப வராது.

எது துரு, எது கறுப்பு என்று சந்தேகமாக இருக்கும் இடத்தில் ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு அந்த இடத்தை அழுத்தாமல் துடை. துணியில் செம்மண் நிறம் வந்தால் அது துரு. லேசாகச் சாம்பல் பூசினால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், அந்த இடத்தை விட்டுவிடு. உன் மூன்றாவது படத்தில் முதுகை ஒட்டி ஒரு பெரிய கறுப்புத் திட்டு தெரிகிறது. அது துருவே இல்லை என்று இங்கிருந்தே சொல்வேன். நுனிக்குக் கிட்டே மிளகு தூவினாற்போல் இருப்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அண்ணன் உன்னிடம் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாராம். எனக்கும் போன் செய்து, நிக்கல் முலாம் பூசினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். புளி பித்தளை விளக்குக்குச் சரி. இந்த எஃகில் புளி, எலுமிச்சை, வினிகர் எது பட்டாலும் துருவோடு சேர்த்துக் கறுப்பையும் தின்றுவிட்டு, செத்த மீன் கண் நிறத்தில் ஒரு மங்கல் சாம்பலை விட்டுவைக்கும். சரியாகக் கழுவிக் காயவைக்காவிட்டால் மறுநாள் காலையிலேயே புதுத் துரு பூத்திருக்கும். முலாம் பூசுவதற்கு முன்னால் முழுக்கச் சுரண்டுவார்கள். அதைவிடக் கத்தியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை, பாப்பா. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். அவர் வாத்தியார் வேலைக்குப் போன ஊர்களில் 'அப்பா என்ன தொழில்' என்று கேட்டால் 'விவசாயம்' என்றுதான் சொல்லுவார். உண்மையைச் சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்காத காலம் அது. உன்னையும் உன் தம்பியையும் எந்த ஊரிலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது என்பதற்காக இந்த அடைப்பத்தை அவர் தன் வீட்டுக்குள் வரவிட்டதே இல்லை. இன்றைக்கு அவரே அந்தக் கத்தியை உன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வை என்கிறார் என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் அவர் மனசில் இருப்பது பளபளவென்று மின்னுகிற, ஒருவர் முகத்திலும் படாத மாதிரியான ஒரு கத்தி. தாத்தா கையில் இருந்த கத்தி மின்னினது கிடையாது. வாய் மட்டும் மின்னும்.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். கழுத்துப் பகுதியில், விரல் வைக்கிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்பு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறதே, ஏன் என்று. அந்தக் கேள்வியைப் படித்ததும் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டேன். நம் வீட்டில் யாரும் அதைக் கவனித்துக் கேட்டதில்லை.

தாத்தா பிடிக்கிற முறையில் கட்டைவிரல் கழுத்தின் பக்கவாட்டில் பட்டையாகப் பதியும். வலக்கைக்காரன் கத்தியில் ஒரு பக்கம் தேயும். இடக்கைக்காரன் கத்தியில் மறுபக்கம். தாத்தா பிறவியிலேயே இடக்கைக்காரர். கடையில் அவர் கையை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் பெரிய வீடுகளுக்கு அழைத்து அனுப்புவார்கள் இல்லையா, மாப்பிள்ளை சவரத்துக்கு, காரியத்துக்கு, மாசாமாசம் பெரியவர்களுக்கு. அங்கே இடது கை முகத்தில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகவே வலது கையால் பழகினார். கத்தியை வலது கையில் பிடித்து ஒரு கீறல் இல்லாமல் சவரம் செய்ய, கல்யாணமாகி அண்ணன் பிறந்த பிறகும் பழகிக்கொண்டிருந்தார் என்று ஆத்தா சொல்லும். பானை மேல் சோப்பு நுரையைப் பூசி வைத்துக்கொண்டு வலது கையால் இழுத்து இழுத்துப் பார்ப்பாராம். அப்படி ஒரு வீட்டுக்குப் போய்வந்த ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து வலது மணிக்கட்டை உருவிவிட்டுக்கொள்வார். அதை நானும் பார்த்திருக்கிறேன், அண்ணனும் பார்த்திருக்கிறார். உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த இரண்டு தேய்மானமும் அதுதான், கயல். ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் பெரிய வீடுகள். தாத்தாவுக்குப் போட்டோ என்று இருப்பது அந்த ரேஷன் கார்டில் ஒட்டிய ஒன்றுதான், அதிலும் முகம் தெரியாது. எழுதி வைத்தது எதுவும் கிடையாது. இந்தக் கத்தியில் மட்டும்தான் அவர் கட்டைவிரல் இருக்கிறது. உன் மெஷின் அதை ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடும்.

மெஷின் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஃகுக்குக் கடினம் கொடுப்பது தீயும் தண்ணீரும் எண்ணெயும் வைத்துச் செய்கிற பதம். சுமார் 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் அந்தப் பதம் இறங்க ஆரம்பிக்கும். சவரக்கத்தியின் வாய்ப்பக்கம் காகிதக் கனம். சுழலும் சக்கரம் ஓரிடத்தில் கொஞ்சம் நின்றாலே அங்கே சூடேறி, முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம் வரும். நீலம் வந்த இடம் அவ்வளவுதான், எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. நம் கடைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் தன் அப்பாவின் கத்தியைப் பட்டறையில் கொடுத்துப் பளபளப்பாக்கி ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். வாயில் பாதி நீளத்துக்கு நீலம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நிதானமாகச் செய். ஆபீஸ் முடிந்து களைத்து வந்த ராத்திரியில் கத்தியைத் தொடாதே, சனிக்கிழமை பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து செய். வாய் மழுங்கியிருக்கிறது என்று அலட்சியமாக இருக்காதே, மழுங்கின கத்திதான் ஆழமாகக் கிழிக்கும். வாய் நெடுக ஒரு துண்டு டேப்பை மடித்து ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பி.

டேப் ஒட்டுவதற்கு முன்னால் லென்ஸ் வைத்து வாயை இரண்டு பக்கமும் பார். வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடினால் அது விரிசல். விரிசல் இருந்தால் இந்தக் கத்தி எந்த முகத்திலும் படக்கூடாது, எண்ணெய் போட்டு வைத்துக்கொள்ளத்தான் ஆகும். படத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் நீ பார்.

பிறகு எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்துக் கத்தியைச் சுற்றி ஒரு ராத்திரி விட்டுவை. காலையில் பாதித் துரு தானாகவே இளகியிருக்கும். பல் குத்தும் மரக்குச்சி, பாட்டில் தக்கை, இவைதான் உன் கருவி. மரமும் தக்கையும் துருவைத் தள்ளும், கறுப்பைத் தொடாது. அப்படியும் போகாத சிவப்புப் புள்ளி இருந்தால், நாலு சைபர் போட்ட மெல்லிய ஸ்டீல் கம்பளி அங்கேயும் கிடைக்கும், அதில் ஒரு நகக்கண் அளவு கிள்ளி, எண்ணெயில் தோய்த்து, அந்தப் புள்ளியை மட்டும் தேய். சுற்றி வட்டமாகத் தேய்த்தால் கறுப்பில் வெள்ளையாக ஒரு ஜன்னல் திறந்துவிடும். உப்புத்தாள் எந்த நம்பராக இருந்தாலும் வேண்டாம்.

துரு போன இடத்தில் குழி இருக்கும். இருக்கட்டும். குழியைச் சமன் செய்யவேண்டும் என்றால் சுற்றியுள்ள எஃகு முழுவதையும் அந்த ஆழத்துக்குக் கரைக்க வேண்டும். முதுகிலும் வயிற்றிலும் குழி இருந்தால் சவரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. வாய் விளிம்பில் இருந்தால்தான் கெடுதல், அங்கே அது பல்லாக உடையும். நுனியில் மிளகு மாதிரி என்றேனே, அதைத்தான் பார்க்கவேண்டும்.

பட்டையில் தங்க எழுத்து பாதி இருக்கிறது, பாதி அழிந்திருக்கிறது. அதன்மேல் எண்ணெய்த் துணியைத் தவிர எதையும் வைக்காதே. அது மூச்சுவிட்டால் போகிற அளவுக்கு மெல்லிய பூச்சு. பித்தளை பாலிஷ் தடவிய ஒரே தடவையில் முழுக்கப் போன கத்திகளைப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் ஒரு மரம் குத்தியிருக்கிறது பார், அதன் இலை இடுக்கில் துரு இருந்தால் குச்சியால் மட்டும் எடு. தாத்தாவுக்கு இங்கிலீஷும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. 'மரம் போட்ட கத்தி' என்றுதான் கேட்டு வாங்கினார். அது ஸோலிங்கன் ஊரில் போக்கர் கம்பெனியின் அடையாளம். 1869-ல் ஆரம்பித்த கம்பெனி, இன்றைக்கும் அதே ஊரில் சவரக்கத்தி செய்கிறார்கள். படிக்கத் தெரியாதவனும் அடையாளம் கண்டுகொள்ளத்தான் அந்தக் காலத்தில் மரமும் விலங்கும் மனித உருவமும் குத்தினார்கள்.

பிடியைப் பற்றி நீ எழுதியதுதான் எனக்கு வருத்தம். 'பிடி ஒரிஜினல் இல்லை போலிருக்கிறது, இங்கே பழைய மாதிரிப் பிடி விற்கிறார்கள், மாற்றிவிடலாமா' என்கிறாய். ஒரிஜினல் இல்லைதான். கூட வந்தது செல்லுலாய்டுப் பிடி. அது நாள்பட நாள்பட மக்கி, ஒரு காரமான ஆவியை விடும். மடக்கி வைத்த கத்தி அந்த ஆவியிலேயே துருப்பிடிக்கும். நல்ல கத்திகள் பெட்டிக்குள்ளேயே செத்துப்போவது அப்படித்தான். தாத்தாவுக்கு அந்த ரசாயனம் தெரியாது. பிடி வெடித்து, ஒரு மாதிரி கற்பூர வாசனை வருகிறது, கத்தி மங்குகிறது என்று பார்த்தார். எருமைக் கொம்பு வாங்கிச் சீவி, சூடு காட்டித் தட்டையாக்கி, பித்தளைக் கம்பியை அறைந்து ஆணியாக்கி, அவரே செய்த பிடி இது. அதனால்தான் இந்தக் கத்தி இன்றைக்கு உன் கையில் இருக்கிறது. அதை எப்படி மாற்றுவாய்?

ஆணி ஆடவில்லை என்றால் கழற்றாதே. ஆணியைச் சுற்றி மடிப்புக்குள் பழைய சோப்பும் முடியும் அடைந்திருக்கும். பருத்தி நூலை எண்ணெயில் நனைத்து உள்ளே விட்டு இரண்டு பக்கமும் இழு. அழுக்கு வரவர நூலை மாற்று. கொம்பைத் தண்ணீரில் ஊறப்போடாதே, வளைந்துவிடும். அங்கே குதிரைச் சேணம் விற்கிற கடைகளில் மாட்டுக் குளம்பெண்ணெய் கிடைக்கும். அதை மெல்லத் தடவி இரண்டு மூன்று நாள் விட்டுத் துடைத்தால் உள்ளேயிருக்கும் தேன் நிற வரி மேலே வரும். ஓரத்தில் பூச்சி அரித்த பள்ளம் ஒன்று இருக்கிறது. அதை அடைக்கவேண்டாம், பூச்சி இப்போதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடு.

வாயைத் தீட்டுவதுதான் பெரிய வேலை. கத்தியில் புதுசாகப் போகிறது அது ஒன்றுதான். மயிரிழை அகலத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளி வரி, மற்றதெல்லாம் கறுப்பு. அப்படி ஒரு கத்தியை ஒருதரம் பார்த்தால் உனக்கே மெஷின் மறந்துபோகும்.

சவரக்கத்தி மற்றக் கத்தி மாதிரி இல்லை. கோணத்தை உன் கை தீர்மானிக்காது, முதுகு தீர்மானிக்கும். முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படிந்திருக்க வேண்டும், இழுக்கும்போது முதுகு ஒரு கணமும் எழும்பக்கூடாது. அதனால் வாயைத் தீட்டும்போது முதுகும் தேயும், அங்கிருக்கும் கறுப்பும் போகும். முதுகுமேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள். கிழிந்தால் உடனே வேறு டேப் மாற்று, ஒரு சுற்றுக்கு மேல் ஒட்டாதே, கோணம் மாறும். முதுகில் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தேய்ந்திருப்பதைக் கண்டு, சமன் செய்யவேண்டும் என்று உனக்குத் தோன்றும். நீ என்ஜினியர், உன்னால் சும்மா இருக்க முடியாது. விட்டுவிடு. அதுவும் இடது கைதான்.

கல் நன்றாகத் தட்டையாக இருக்கவேண்டும். வாயில் பல் விழுந்திருந்தால் மட்டும் 1000 நம்பர் கல். இல்லாவிட்டால் 4000, பிறகு 8000, முடிக்க 12000. வாய் முன்னால் போகவேண்டும், திருப்பும்போது முதுகின்மேல் திருப்பு. கத்தியின் எடையே போதும், மேலே அழுத்தாதே. கல்லில் தண்ணீர் வாய்க்கு முன்னால் சீராக ஓடி, கத்தி மேல் ஏறவேண்டும். எங்கே ஏறவில்லையோ அங்கே வாய் கல்லில் படவில்லை. முடிக்கிற கல்லுக்கு உனக்கு ஒரு யோசனை: பெல்ஜியத்தில் ஆர்டென் மலைப்பக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு கல் வெட்டியெடுக்கிறார்கள், கொட்டிகூல் என்று பேர். கண்ணுக்குத் தெரியாத ரத்தினத் துகள் அதற்குள் இருக்கிறது, கார்னெட் என்பார்களே அது. முகத்துக்கு அதைவிட மென்மையான வாய் கொடுக்கிற கல் குறைவு. உன் ஊரிலிருந்து பெல்ஜியம் பக்கம்தானே, லீவில் போய் ஒன்று வாங்கு. பணம் நான் தருகிறேன், இதில் மறுத்துப் பேசாதே.

அதன்பிறகு தோல். துணிப்பட்டையில் கொஞ்சம், தோல்பட்டையில் நிறைய. இங்கே முதுகு முன்னால் போகும், வாய் பின்னால் வரும். மாற்றிச் செய்தால் தோலும் போச்சு, வாயும் போச்சு. பட்டை தொய்யாமல் இழுத்துப் பிடி. கூர் வந்ததா என்று கட்டைவிரலை வைத்துப் பார்க்காதே, கை முடியில் வைத்துப் பார். முடியை வெட்டும் சத்தம் கேட்கவே கூடாது.

தாத்தா கத்தி பல முகங்களில் பட்டது. ஒருவர் தோலில் படப்போகிறது என்றால், 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த துணியால் வாய், கழுத்து, மடிப்பு எல்லாம் துடைத்துக் காயவை. கொதிநீரில் போடாதே. பிளீச்சிங் திரவம் பக்கமே போகாதே, அது எஃகை ஊசி ஊசியாகக் குத்திவிடும். ரத்தத்தால் பரவுகிற நோய்களுக்குப் பயந்துதான் நம் கடையிலும் கத்தியை எடுத்து வைத்துவிட்டுப் பாதி பிளேடுக்கு மாறினோம். சரியான காரியம்தான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் கடைசியாகத் தோலில் தீட்டி, எண்ணெய் தடவி, மடக்கி அடைப்பத்தில் வைத்த அன்றைக்குத் தாத்தா சாப்பிடவில்லை.

வேலை முடிந்ததும் எண்ணெயைத் தொட்டுத் துடைத்ததுபோல மெல்லிசாகப் பூசு. பாத்ரூமில் வைக்காதே. அண்ணன் சொல்கிற கண்ணாடிப் பெட்டியில் காற்றுப் போக ஓட்டை இருந்தால் சரி. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் போட்டுவைக்காதே, தோல் ஈரத்தை இழுக்கும். மாசத்துக்கு ஒருதரம் திறந்து பார்.

உனக்கு அங்கே ஒரு வசதி இருக்கிறது, அதை விட்டுவிடாதே. டுசெல்டார்ஃபிலிருந்து ஸோலிங்கனுக்கு லோக்கல் ரயிலே ஓடுகிறது என்று சொன்னாய். ஒரு நாள் போ. க்ரேஃப்ராத் பகுதியில் பழைய கன்னிமாடக் கட்டடம் ஒன்றில் கத்திகளுக்கென்றே ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள். அதைவிட நீ பார்க்கவேண்டியது வுப்பர் ஆற்றங்கரையில். அங்கே ஓடும் தண்ணீரில் சக்கரம் சுற்றி, அதில் சாணைக்கல்லைச் சுழலவிட்டுக் கத்தி இழைத்தார்கள். பால்க்ஹவுசர் கொட்டன் என்று அப்படி ஒரு பட்டறையை இன்றும் காப்பாற்றி மக்களுக்குக் காட்டுகிறார்கள். சாணை பிடித்தவர்கள் கல் தூசியை மூச்சில் இழுத்து இழுத்து நுரையீரல் கெட்டுச் சின்ன வயதிலேயே இறந்திருக்கிறார்கள். கத்தியின் வயிற்றை இரண்டு பக்கமும் குழிவாக இழைத்து, நகத்தால் சுண்டினால் ஓசை வருகிற அளவுக்கு மெலிதாக்குவது அவர்கள் கைவேலை. 1938-ல் அந்த ஊர்ப் பேரை வேறு ஊரில் செய்த கத்தியில் குத்தக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஊர்ப் பேருக்கு அவ்வளவு மரியாதை. யாரோ ஒருத்தன் அந்த ஆற்றங்கரையில் குனிந்து உட்கார்ந்து இழைத்தது, கப்பலேறி வந்து, தாத்தாவிடம் பல வருஷம் இருந்து, உன்னோடு அந்த ஊருக்குப் பக்கத்திலேயே திரும்பிப் போயிருக்கிறது. கத்தியைக் கையோடு கொண்டுபோய் அங்கே வேலை தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டு. அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் தேய்ந்ததற்குக் காரணம் சொல்லு. அவர்கள் ஊர்க்காரனுக்கு அது தெரியட்டும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்திக்கு முழங்கால் வலி மழையில் அதிகம், ஆனாலும் காலையில் கோயில் குளத்தை ஒரு சுற்று சுற்றாமல் இருக்கமாட்டாள். உன் தம்பி முருகு கடைக்குப் புது நாற்காலி இரண்டு போட்டிருக்கிறான், ஏசி வைக்கவேண்டும் என்கிறான். சிவகாசிக்காரர் ஒருவர் தாடிக்கு வாரம் தவறாமல் வருகிறார், பேச்சுத் துணைக்கு நானும் போய் உட்காருகிறேன். ஹரித்ராநதி நிரம்பித் ததும்பிக்கொண்டிருக்கிறது, நீ இருந்தால் படியிலிருந்து எழுந்து வரமாட்டாய்.

உன்னைப் பற்றித்தான் கவலை. போன வாரம் வீடியோவில் உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சீக்கிரமே இருட்டிவிடுகிறது, அறைக்கு வந்தால் பேச ஆளில்லை என்று சித்தியிடம் சொன்னாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? கையால் செய்கிற ஒரு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும், அதனால் கத்தியை நீ எடுத்தது எனக்கு இரட்டைச் சந்தோஷம். அதற்காக ரொட்டியும் ஜாமும் தின்றுவிட்டுப் படுக்காதே. ஒரு நாளைக்கு ஒருவேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு.

மே மாதம் அண்ணனும் அண்ணியும் உன்னிடம் வருகிறார்கள் இல்லையா. அதற்குள் கத்தி தயாராகிவிடும். அண்ணனிடம் கட்டைவிரல் தேய்மானத்தை நீயாகக் காட்டாதே. கத்தியைத் திறந்து அவர் கையில் கொடு, போதும். அவருக்குப் பிடிக்கத் தெரியும். சின்ன வயதில் தாத்தா இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார், அண்ணன் என்னைவிடக் கை சுத்தம். அவர் ஒன்றும் பேசாவிட்டால் விட்டுவிடு, சமையற்கட்டுக்குப் போய் காபி போடு.

எண்ணெய்த் துணியைப் பிரித்ததும் படம் எடுத்து அனுப்பு, கல்லில் வைப்பதற்கு முன்னால் நான் பார்க்கவேண்டும். நுனியை லென்ஸ் வழியாக எடு, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் மத்தியானத்தில் கூப்பிடு, நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
சித்தப்பா

பி.கு.: பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் சித்தி கட்டி வைத்திருக்கிறாள், சென்னையிலிருந்து உன் சிநேகிதி கிளம்புகிற தேதியைச் சொன்னால் முருகுவிடம் கொடுத்தனுப்புகிறேன். தாத்தாவின் தோல்பட்டை என்னிடம் இருக்கிறது. நடுவில் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது, அதைத் தவிர நன்றாக இருக்கிறது. குளம்பெண்ணெய் போட்டு இளக்கி அதையும் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை அங்கே புதுப்பட்டை வாங்காதே.